குதிரைக்குக் ‘கறி’ போட்ட கதை தெரியுமா?

காக்கா பிடிப்பதற்கு இங்கிலீஷில் ‘கர்ரி ஃபேவர்’ என்று பெயர். மேலதிகாரி வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்று பந்தி விசாரிக்கிறாரே ஒருவர், அவர் செய்கிற வேலை. கர்ரி என்றால் நம்ம கறி, ஃபேவர் என்றால் தயவு; ஆக, கறி சமைத்துப் போட்டுத் தயவு சம்பாதிக்கிறார்! எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். பொருந்தி என்ன பயன்? அந்தக் கர்ரியில் ஒரு துளி குழம்பு கிடையாது. அந்த ஃபேவரில் தயவும் கிடையாது. அது ஒரு குதிரையின் பெயர், தெரியுமா?

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ‘ரோமான் த ஃபோவெல்’ என்று ஒரு நையாண்டிக் காவியம் எழுதப்பட்டது. கதாநாயகன் ஃபோவெல், பழுப்பு மஞ்சள் நிறத்தில் ஒரு குதிரை. அவருக்கு லாயம் பிடிக்கவில்லை. வீட்டின் பெரிய கூடத்துக்கே குடி வந்துவிடுகிறார். உடனே அரசர்கள், பிரபுக்கள், பாதிரியார்கள், ஏன், போப்பாண்டவர் வரைக்கும் வந்து குதிரையின் முதுகைத் தேய்த்துவிட நிற்கிறார்கள்! அந்தப் பெயரே ஒரு குறும்பு. அதன் ஆறு எழுத்துகளும் ஆறு பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள்: முகஸ்துதி, பேராசை, கயமை, சபலம், பொறாமை, கோழைத்தனம். குதிரையைத் தேய்த்துத் துப்புரவு செய்வதற்குப் பழைய பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்த வினைச்சொல்தான் கர்ரி. லாயக்காரர்கள் கையில் பிடித்திருக்கும் பல் வைத்த தேய்ப்பானுக்கு இன்றைக்கும் ‘கர்ரிகோம்ப்’ என்றே பெயர். முதலில் இருந்தது ‘கர்ரி ஃபேவெல்’. அந்தக் குதிரைக்குத் தேய்த்துவிடுவது. 16ஆம் நூற்றாண்டு வருவதற்குள் இங்கிலீஷ்காரர்களுக்குக் குதிரை மறந்துபோயிற்று. ஃபேவெல் என்று நாக்கு சொன்னதைக் காது ஃபேவர் என்று வாங்கிக்கொண்டது.

அப்படியென்றால் நம்ம கறி? அது தனிக் கப்பலில் போனது. சங்கத் தமிழில் கறி என்றால் மிளகு. பிறகு மசாலா சேர்த்துச் சமைத்த எல்லாவற்றுக்கும் அதுவே பெயராயிற்று. போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து இங்கிலீஷ்காரன் தட்டில் விழுந்தது. 1747இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி வெளியிட்ட சமையல் புத்தகத்தில் ‘இந்திய முறையில் கர்ரி’ செய்யும் பக்குவம் இருக்கிறது. மசாலா என்ன தெரியுமா? மிளகும் கொத்தமல்லி விதையும், அவ்வளவுதான். அந்தக் கொத்தமல்லியை வறுப்பது எதில் தெரியுமா? மண்வாரியில்! சுத்தமான மண்வாரியாக இருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் அக்கறையோடு சொல்லியிருக்கிறார். மிளகு என்ற பழைய பொருளைத் தெரியாமலேயே காப்பாற்றிக் கொடுத்ததற்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதற்குள் மூன்றாவது கர்ரி ஒன்று வந்து குழப்பும். 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னனின் அரண்மனைச் சமையல்காரர்கள் தொகுத்த ஏட்டுக்கு ‘தி ஃபார்ம் ஆஃப் கியூரி’ என்று பெயர். வாஸ்கோ ட காமா பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்தில் கறி இருந்தது என்று இதை வைத்து அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் கியூரி, சமையல் என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லின் பேரப்பிள்ளை. நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, இன்றைக்கு லண்டனின் கிழக்குப் பகுதிக்காரர் ஒருவர் ராத்திரி கறி சாப்பிடக் கிளம்பினால் என்ன சொல்வார்? ‘ஒரு ரூபிக்குப் போகலாம்’ என்பார். ரூபியா? மாணிக்கக் கல்லா? இல்லை ஐயா, ரூபி மர்ரி! 1950களில் கொடிகட்டிப் பறந்த பெல்ஃபாஸ்ட் பாடகி. 1955இல் ஒரே வாரத்தில் அவருடைய ஐந்து பாட்டுகள் பிரிட்டனின் முதல் இருபது பட்டியலில் இருந்தன. மர்ரி, கர்ரி, ஓசை ஒத்துப்போகிறது. அதனால் கர்ரிக்குப் பதில் ரூபி மர்ரி. பிறகு மர்ரியும் உதிர்ந்து வெறும் ரூபி. தமிழ்ச் சமையலறையில் கிளம்பிய கறி, லண்டன் சந்துக்குள் போய் ஒரு ஐரிஷ் பாடகியின் பெயரைச் சூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

இதுதான் காக்னி இயைபுக் கொச்சை. 1859இல் ஜான் கேம்டன் ஹாட்டன் என்ற பதிப்பாளர் வெளியிட்ட கொச்சை அகராதியிலேயே இதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். சூத்திரம் சுலபம். சொல்ல வேண்டிய சொல்லோடு ஓசை ஒத்துப்போகும் ஒரு சொல்லைப் பிடி. அதற்கு முன்னால் அதன் ஜோடிச் சொல்லை வை. பிறகு ஒத்துப்போகிற சொல்லையே வெட்டி எறி! மிஞ்சுவது என்னவென்று வெளியாளுக்குத் தலைகீழாக நின்றாலும் புரியாது. ஹெட், அதாவது தலை, ‘லோஃப் ஆஃப் பிரெட்’ ஆகி வெறும் ‘லோஃப்’ ஆயிற்று. ‘உன் லோஃபை உபயோகி’ என்றால் மூளையைக் கசக்கு என்று அர்த்தம். ரொட்டியை எடுத்து நீட்டிவிடாதீர்கள். லுக் என்பது ‘புட்சர்ஸ் ஹுக்’, கசாப்புக்கடைக் கொக்கி. அதில் கொக்கி போய் ‘ஒரு புட்சர்ஸ் பார்த்துவிட்டு வருகிறேன்’. பொய்களுக்குப் ‘போர்க் பைஸ்’, செல்லமாகப் ‘போர்க்கீஸ்’. நண்பனாகிய மேட், ‘சைனா பிளேட்’ வழியாகச் ‘சைனா’ ஆனான். திருடன், அதாவது தீஃப், ‘டீ லீஃப்’. தேயிலை என்று கூப்பிட்டாலும் ஒரு டப்பாவில் அடைத்து மூடத்தான் வேண்டும் போல.

இதில் உச்சம் ராஸ்பெர்ரி. உதட்டுக்கு நடுவே நாக்கை நீட்டிப் ‘புர்ர்ர்’ என்று ஊதிக் கேலி செய்வதை ‘ராஸ்பெர்ரி ஊதுவது’ என்பார்கள். பழத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் என்ன உறவு? முழுச் சொல் ‘ராஸ்பெர்ரி டார்ட்’. டார்ட்டோடு ஓசை ஒத்துப்போகிற, வயிற்றுக் காற்றைக் குறிக்கும் இங்கிலீஷ் சொல்லை நீங்களே மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இப்போது யோசியுங்கள்: அமெரிக்காவில் மோசமான படங்களுக்கு 1981 முதல் ‘கோல்டன் ராஸ்பெர்ரி’ விருது கொடுக்கிறார்களே, அது என்ன தங்கப் பழம் என்று! 2005இல் நடிகை ஹேல் பெர்ரி, ‘கேட்வுமன்’ படத்துக்காக அந்த விருதை நேரிலேயே மேடையேறி வாங்கினார். பெர்ரிக்கு ராஸ்பெர்ரி.

மறுபடி லாயத்துக்கு வருவோம். ஜிஞ்சர் என்றால் இஞ்சி. இஞ்சிவேர் என்ற தென்னாட்டுச் சொல், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் என்று ஊர் ஊராகத் தங்கி இங்கிலீஷுக்குப் போய்ச் சேர்ந்தது. சரி, ‘ஜிஞ்சர்லி’ என்றால் இஞ்சி மாதிரி காரமாகவா? கிடையவே கிடையாது, பூப்போல, பதமாக, அடிமேல் அடி வைத்து என்று பொருள். அதன் ஊற்று, மென்மையானது என்ற பொருள்கொண்ட பழைய பிரெஞ்சுச் சொல் என்கிறார்கள். இஞ்சிக்கு அதில் பங்கில்லை. ஆனால் ‘ஜிஞ்சர் அப்’ என்று ஒன்று உண்டு, தூங்குமூஞ்சிகளை உசுப்பிவிடுவதற்கு. அதில் இருப்பது அசல் இஞ்சி. 1785இல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியைத் திறந்தால் குதிரைத் தரகர்களின் ஒரு தந்திரம் எழுதியிருக்கிறது. விற்க வந்த கிழட்டுக் குதிரை சோம்பி நின்றால், இஞ்சித் துண்டை அதன் பின்புறத் துவாரத்தில் செருகிவிடுவார்களாம்! குதிரை வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளும், வாங்குகிறவன் மயங்கிவிடுவான். அதற்கு முந்தைய காலத்தில் இஞ்சிக்குப் பதில் உயிருள்ள விலாங்கு மீன் என்றும் குரோஸ் கேள்விப்பட்டதாக எழுதுகிறார். அலுவலகக் கூட்டத்தில் யாராவது ‘லெட் அஸ் ஜிஞ்சர் அப் த டீம்’ என்று சொன்னால் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதே குரோஸ் அகராதியில் நமக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. டிபன்! இட்லி, பொங்கல், வடை என்று நினைத்தவுடன் நாக்கில் ஊறும் டிபனை அக்மார்க் மதராஸ் சொல் என்றுதானே நினைத்திருக்கிறோம்? அது சுத்தமான லண்டன் கொச்சை, தெரியுமா? ‘டிஃபிங்’ என்றால் சாப்பாட்டு வேளை அல்லாத வேளையில் கொஞ்சம் தின்பது, குடிப்பது என்று எழுதி வைத்திருக்கிறார் குரோஸ். பக்கத்திலேயே இரண்டாவது பொருள்: வாய்ச்சண்டை. மூன்றாவது பொருளும் ஒன்று உண்டு. குடும்பத்தோடு படிக்கிற இடத்தில் அது வேண்டாம். கம்பெனிக்காரர்கள் அந்தச் சொல்லைக் கப்பலில் கொண்டுவந்து இந்தியாவில் இறக்கினார்கள். இங்கிலாந்தில் அது செத்துப் போயிற்று. இங்கே எவர்சில்வர் டப்பாவிலும் ஓட்டல் போர்டிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. சண்டை என்ற பொருள் மட்டும் ‘டிஃப்’ என்று அங்கேயே தங்கிவிட்டது. சாப்பாடு நமக்கு, சண்டை அவர்களுக்கு, நல்ல பாகப்பிரிவினை!

குளியலறை மக்கையும் விடக் கூடாது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குடிக்கும் மக்குகளைக் கோணல் மூஞ்சி வடிவத்தில் செய்து விற்றார்கள். அதனாலேயே மூஞ்சிக்கு ‘மக்’ என்ற கொச்சைப் பெயர் வந்தது என்பது பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். மூஞ்சி என்ற பொருள் வந்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வரும். போலீஸ் ஸ்டேஷனில் எடுப்பது ‘மக் ஷாட்’. மூஞ்சியில் குத்திப் பணத்தைப் பறிப்பது ‘மக்கிங்’. ஏமாந்த சோணகிரியும் ‘மக்’. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நம்ம பையன்கள் ‘மக்கப்’ அடிக்கிறார்களே, அதுவும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் மாணவர்களின் கொச்சைதான். மக்கப் அடித்தும் மண்டையில் ஏறாதவனை நாம் ‘மக்கு’ என்கிறோம். அது தனித் தமிழ். இந்தக் குடும்பத்தோடு சேர்க்கக் கூடாது. ஆனால் சேர்த்து வைக்கக் கை பரபரக்கிறதா இல்லையா? காது நம்மை ஏமாற்றுவது இப்படித்தான்.

இப்போது பணம். கேஷ் என்ற சொல், பெட்டி என்ற பொருள்கொண்ட லத்தீன் ‘காப்சா’விலிருந்து இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்தது. பணம் வைத்த பெட்டி, பிறகு பெட்டியில் இருந்த பணம். இது ஒரு கேஷ். அகராதியில் அதற்கு அடுத்தே இன்னொரு கேஷ் இருக்கிறது, அது நம்ம காசு! தமிழ்க் காசைப் போர்ச்சுகீசியர் தங்கள் மொழியில் பெட்டிக்கு இருந்த ‘காய்ஷா’ என்ற சொல்லின் எழுத்திலேயே எழுதிவைத்தார்கள். அதை வாங்கி இங்கிலீஷ்காரர்கள் கேஷ் ஆக்கினார்கள். கம்பெனியின் மதராஸ் கணக்குப் புத்தகங்களில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. கணக்குப்பிள்ளைகளின் தலைவலியை நினைத்துப் பாருங்கள்! நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனத்துச் செப்புக் காசுக்கும் அவர்கள் இதே பெயரைத்தான் வைத்தார்கள். நாணயச் சேகரிப்பாளர்கள் இன்றும் சீனக் ‘கேஷ்’ என்று சொல்லும்போதெல்லாம் அறியாமலே தமிழ் பேசுகிறார்கள்.

கேஷியர் தெரியும். பட்டாளத்தில் ஒருவரைக் ‘கேஷியர்’ செய்துவிட்டார்கள் என்றால், பணப் பொறுப்பு கொடுத்தார்கள் என்றா அர்த்தம்? மானக்கேடாகப் பதவியைப் பறித்து வெளியே அனுப்பிவிட்டார்கள்! அது டச்சு வழியாக வந்த வேறு சொல். ரத்து செய்வது என்ற பொருள்கொண்ட பிரெஞ்சு வினையின் வழித்தோன்றல். எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று. ஒருவர் பணத்தை எண்ணுகிறார், மற்றவர் கம்பி எண்ணாமல் தப்பினால் சரி.

வெற்றிலைக்கு வாருங்கள். தமிழ் வெற்றிலை, மலையாள வெற்றில, போர்ச்சுகீசியரின் பெத்தலெ, இங்கிலீஷில் ‘பீட்டில்’. வண்டுக்கும் ‘பீட்டில்’. வண்டின் பெயர் கடிப்பது என்ற பழைய இங்கிலீஷ் சொல்லிலிருந்து வந்தது; கடிக்கிற குட்டிப் பிராணி. வெற்றிலையை நாம் கடிக்கிறோம், வண்டு நம்மைக் கடிக்கிறது. மரச் சம்மட்டிக்கும் ‘பீட்டில்’ என்ற பெயர் உண்டு. அது அடிப்பது என்ற ‘பீட்’ வழியில் வந்தது. 1960இல் லிவர்பூல் பையன்கள் சிலர் தங்கள் கோஷ்டிக்குப் பெயர் தேடினார்கள். அமெரிக்காவில் படி ஹாலியின் கோஷ்டிக்குச் சில்வண்டுகள் என்ற பொருளில் ‘கிரிக்கெட்ஸ்’ என்று பெயர் இருந்தது. நாமும் பூச்சிப் பெயர் வைப்போம் என்று பீட்டில் பிடித்து, தாளத்துக்கான ‘பீட்’டை எழுத்தில் நுழைத்து, ‘பீட்டில்ஸ்’ ஆனார்கள். வெற்றிலை, வண்டு, சம்மட்டி, ஜான் லென்னன் நாலு பேரும் காதுக்கு ஒன்றுதான்! போகிற போக்கில்: சில்வண்டின் கிரிக்கெட், அது எழுப்பும் கிறீச் ஒலியைச் சொல்லும் பிரெஞ்சுச் சொல், மைதானத்துக் கிரிக்கெட்டோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்படிக் காது செய்யும் திருவிளையாடலுக்கு மொழியியலாளர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: ‘ஹாப்சன்-ஜாப்சன் விதி’. மொஹரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு ‘யா ஹசன்! யா ஹுசைன்!’ என்று கதறுவதைக் கேட்ட வெள்ளைச் சிப்பாய்களுக்கு, தங்கள் ஊர் ஆசாமிகளான ஹாப்சன், ஜாப்சன் இருவரின் பெயர்களாக அது கேட்டதாம். தவறாகக் கேட்ட அந்தப் பெயர்களையே தலைப்பாக வைத்து 1886இல் ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் பிரம்மாண்ட அகராதி வெளிவந்தது. எழுதிய இருவரில் ஒருவர் ஹென்றி யூல். மற்றவர் ஏ.சி. பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். புத்தகம் வெளிவருவதற்கு நான்கு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம்.

அந்த அகராதியைத் திறந்தால் மூட மனசு வராது. மிளகுத்தண்ணி ‘மல்லிகடானி’ ஆனது பலருக்குத் தெரியும். அதைக் குடித்துக் குடித்தே மதராஸ் மாகாண அதிகாரிகளுக்கு ‘மல்’ என்ற பட்டப்பெயர் வந்தது தெரியுமா? பம்பாய்க்காரர்கள் ‘டக்’, அங்கே பாம்பே டக் என்று சொல்லும் கருவாட்டின் உபயம். வாத்து என்று பெயர், ஆனால் அது மீன்! வங்காளத்து அதிகாரிகள் ‘கோயி ஹை’, யாரடா அங்கே என்று வேலைக்காரனைக் கூப்பிட்டே பொழுதைக் கழித்தவர்கள். ஒயினைக் காய்ச்சுவதும் ‘மல்’, ஒரு விஷயத்தை அசைபோடுவதும் ‘மல்’. நம்ம ரசத்தில் பிறந்த மல் மட்டும் தனி ஜாதகம்.

‘பிக் சீஸ்’ என்றால் பெரிய புள்ளி. பாலாடைக்கட்டியில் என்ன பெருமை? உருதுவிலும் பாரசீகத்திலும் ‘சீஸ்’ என்றால் பொருள், சரக்கு. ‘அசல் சீஸ்’ என்று இங்கே பழகிய வெள்ளைக்காரர்கள் சொன்னது, ஊருக்குப் போனதும் தின்கிற சீஸோடு கலந்துவிட்டது. புத்தி பேதலித்தவரை ‘டூலாலி’ என்பார்கள். அது நாசிக் பக்கத்து தேவ்லாலி! பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள் கப்பலுக்குக் காத்துக்கிடந்த முகாம். வெயில், சும்மா இருத்தல், சாராயம். முழுச் சொல் ‘டூலாலி டாப்’. குழாயும் ‘டாப்’, லேசாகத் தட்டுவதும் ‘டாப்’. இந்த ‘டாப்’ காய்ச்சலைக் குறிக்கும் நம் நாட்டுச் சொல்.

குடோனைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். இங்கிலீஷ் காதுக்குக் ‘கோ டவுன்’, கீழே இறங்கு என்று கேட்கிறது. நிலவறையாக இருக்கும், இறங்கித்தான் போக வேண்டும் என்று விளக்கம் சொன்னவர்கள் நிறைய. உண்மையில் தமிழ்க் கிடங்கு அல்லது தெலுங்குக் கிட்டங்கி மலாய்க்காரரிடம் ‘குடாங்’ ஆகி, போர்ச்சுகீசியரைத் தொட்டு, இங்கிலீஷில் ‘கோடவுன்’ ஆகி, கடைசியில் குடோன் என்ற பெயரோடு நம்மிடமே திரும்பி வந்தது. இன்றைக்கு ஒரே தெருவில் ‘நெல் கிடங்கு’ என்று ஒரு பலகையும் ‘இரும்பு குடோன்’ என்று ஒரு பலகையும் பார்க்கலாம். தாத்தாவும் பேரனும் எதிரெதிர் வீடு. ஒருவரையொருவர் அடையாளம் தெரியாது!

கட்டுமரத்தின் பயணம் இதைவிட விசித்திரம். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் ‘கேடமரான்’ வருகிறது. 1804இல் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோனில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க இங்கிலீஷ் கடற்படை அனுப்பிய மிதக்கும் வெடிப்பெட்டிகளுக்கும் அதே பெயர். 19ஆம் நூற்றாண்டில் கொச்சையாக இன்னொரு பொருளும் சேர்ந்தது: சண்டைக்காரி! ஏன்? சொல்லின் முதலில் ‘கேட்’, பூனை, இருக்கிறதே, சீறுமே, பிறாண்டுமே. நாலு மரத்தைக் கயிற்றால் கட்டிக் கடலில் தள்ளிய நம் மீனவருக்கு இந்தப் பூனையைப் பற்றி என்ன தெரியும்?

காது ஏமாறியதில் நமக்கும் பங்கு உண்டு. கொரில்லா என்பது குரங்கு. ‘கெரில்லா’ என்பது ஸ்பானிய மொழியில் சின்னப் போர். நெப்போலியன் படையை ஸ்பெயின் மக்கள் ஒளிந்து ஒளிந்து தாக்கியபோது உலகமெங்கும் பரவிய சொல். தமிழ்ப் பத்திரிகைகள் பலகாலமாகக் ‘கொரில்லாப் போர்’ என்றே எழுதி, குரங்கின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டன. குரங்கின் பெயருக்கும் தனிக் கதை இருக்கிறது. கி.மு. காலத்து கார்த்தேஜ் மாலுமி ஹன்னோ, ஆப்பிரிக்கக் கரையில் உடலெல்லாம் ரோமம் அடர்ந்த ‘கொரில்லாய்’ என்ற பெண்களைக் கண்டதாக ஒரு பழைய கிரேக்கக் குறிப்பு சொல்கிறது. 1847இல் தாமஸ் சாவேஜ் என்ற அமெரிக்கப் பாதிரியார் அந்தப் பெயரை எடுத்துக் குரங்குக்குச் சூட்டினார்.

டர்க்கிக் கோழியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிப் புத்தகம். அமெரிக்கக் கண்டத்துப் பறவைக்கு இங்கிலீஷ்காரன் துருக்கியின் பெயரை வைத்தான். துருக்கிக்காரன் அதை ‘ஹிந்தி’ என்கிறான், இந்தியாவிலிருந்து வந்ததாம். போர்ச்சுகீசியர் ‘பெரு’ என்கிறார்கள். மலாய்க்காரர் ‘ஹாலந்துக் கோழி’ என்கிறார்கள். அந்த ஹாலந்துக்காரனோ ‘கல்கூன்’ என்கிறான். கல்கூன் எது தெரியுமா? கள்ளிக்கோட்டை! கேரளத்துக் கோழிக்கோடு! எந்த நாடும் தன் பிள்ளை என்று ஒப்புக்கொள்ளாத கோழி. நாம்தான் புத்திசாலித்தனமாக வான்கோழி என்று வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டோம்.

இதுவரை ஒலி ஒன்று, குலம் வேறு என்று பார்த்தோம். தலைகீழும் நடக்கும்: சம்பந்தமே இல்லாதது போலத் தெரிகிற இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தசைக்கு ‘மஸில்’. கடலில் கிடக்கும் மட்டிச் சிப்பிக்கும் ‘மஸில்’. எழுத்து வேறு, ஓசை ஒன்று. இரண்டுக்கும் தாய் லத்தீன் ‘முஸ்குலுஸ்’, அதாவது குட்டிச் சுண்டெலி! கையை மடக்கும்போது தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி தெரிந்ததாம் ரோமானியருக்கு. ஜிம்மில் கண்ணாடி முன் நின்று மஸில் காட்டுகிற தம்பிகளே, உங்கள் கையில் எலி! பூவுக்கும் ‘ஃபிளவர்’, மாவுக்கும் ‘ஃபிளவர்’. கோதுமை மாவில் சலித்தெடுத்த அருமையான பாகம் பூ, மற்றது தவிடு. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில்கூட இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். பிறகுதான் தனிக்குடித்தனம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ‘பியூபில்’. மாணவனுக்கும் அதுதான், கண்ணின் நடுவில் உள்ள கருவட்டத்துக்கும் அதுதான். இரண்டும் லத்தீனில் சிறுமி, பொம்மை என்ற சொல்லிலிருந்து வந்தவை. எதிரில் இருப்பவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவமே குட்டிப் பொம்மையாகத் தெரியும் அல்லவா? அதுதான் பெயர்க் காரணம். சரி, தமிழில் கண்மணிக்கு வேறு பெயர் என்ன? பாவை! பாவை என்றால் பொம்மை, பெண். காமத்துப்பாலில் வள்ளுவரின் காதலன் காதலியைக் கண்ணுக்குள் வைக்க இடமில்லாமல் கண்ணின் பாவையை எழுந்து போகச் சொல்கிறானே, அதே பாவை. ரோமும் தமிழும் ஒன்றையொன்று கேட்டு இதை எழுதவில்லை. இரண்டும் கண்ணுக்குள் பார்த்திருக்கின்றன.

கடைசியாக ஒரு வால். ரேஷன் கடையில் நாம் நிற்கிற ‘க்யூ’வுக்குப் பிரெஞ்சில் வால் என்று பொருள். பில்லியர்ட்ஸ் மேஜையில் பந்தைத் தட்டும் கோலுக்கும் ‘க்யூ’. எழுத்தை மாற்றிக்கொண்ட அதே வால். அந்தக் கோலைப் பிடித்து ஆடும் ஸ்னூக்கர் பிறந்தது இந்தியாவில், 1875இல், ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில். மழைக்காலத்தில் பொழுது போகாமல் கலர் பந்துகளைச் சேர்த்து ஆட்டத்தை உருவாக்கியவர் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி. பின்னாளில் பிரதமராகி ஹிட்லரோடு மியூனிக்கில் ஒப்பந்தம் போட்டவர் வேறு சேம்பர்லின். பெயர்களும் நம் காதோடு விளையாடும்! விதிகளை ஒழுங்காக எழுதி மாட்டியது 1880களில், நம்ம ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில். ‘ஸ்னூக்கர்’ அப்போது வூலிச் ராணுவக் கல்லூரியில் முதல் வருஷப் பையன்களைக் கேலி செய்யும் கொச்சை, நாம் கத்துக்குட்டி என்கிற மாதிரி. ஒருநாள் சுலபமான பந்தைத் தவறவிட்ட சகாவைப் பார்த்துச் சேம்பர்லின் ‘நீ சரியான ஸ்னூக்கர்’ என்றாராம். பிறகு, நாம் எல்லாரும் இந்த ஆட்டத்துக்கு ஸ்னூக்கர்கள்தானே என்று சமாதானமும் சொன்னார். வசவு ஆட்டத்துக்கே பெயராயிற்று. எதிராளி அடிக்க முடியாதபடி பந்தை மறைத்து மடக்குவதற்கும் அதுவே பெயர். இப்போது லண்டனில் கடன்காரனிடமோ வக்கீலிடமோ வசமாக மாட்டிக்கொண்டு விழிக்கிறவனும், ஊட்டிப் பக்கமே வராதவனாக இருந்தாலும், ‘ஸ்னூக்கர்டு’!